இலங்கைப் பட்டியலில் புதிதாகச் சேரும் பழ ஈக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் வீட்டு முற்றத்தில் கொய்யாவோ ஜம்புவோ வைத்திருப்பவர்கள், உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள், காய்கறி ஏற்றுமதியோடு சம்பந்தப்பட்டவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. "இலங்கையில் முதன்முறையாகப் பதிவான பழ ஈ" என்று ஒரு செய்தி வந்தால் அதை எப்படி வாசிப்பது என்பதுதான் பெரும்பாலான கேள்விகளின் அடிப்படை.

புதிய இனம் பதிவு என்றால் ஒரு புதுப் பூச்சி நாட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. வாக்காளர் இடாப்பில் ஒருவருடைய பெயர் இந்த வருடம் சேர்ந்தால் அவர் நேற்றுத்தான் அந்த வீட்டுக்குக் குடிவந்தார் என்று சொல்ல மாட்டோம். இதுவும் அப்படித்தான். பூச்சி காலங்காலமாகக் காட்டில் இருந்திருக்கும். பார்த்து, பிடித்து, பெயர் சொல்லி, அச்சில் ஏற்ற ஒருவர் கிடைக்க இவ்வளவு காலம் ஆகியிருக்கும்.

செய்திகளில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. உலகத்தில் யாருமே இதற்கு முன் பெயரிடாத இனம் ஒன்று. 2018இல் இலங்கை மாதிரிகளை வைத்து விவரிக்கப்பட்ட டாக்கஸ் அங்கோராலிஸ் அந்த வகை. தாய்லாந்திலோ தென்னிந்தியாவிலோ ஏற்கெனவே அறியப்பட்டு, இங்கே முதல் தடவை பிடிபடுவது இன்னொன்று. "நாட்டுக்குப் புதிய பதிவு" என்பது சரியாகப் பார்த்தால் இதைத்தான் குறிக்கும். மூன்றாவது, உண்மையான வருகை: இங்கே இல்லாத பூச்சி பழத்தோடு பழமாகக் கப்பலிலோ விமானத்திலோ வந்து இறங்குவது. பயப்பட வேண்டியது இந்த மூன்றாவதற்குத்தான். ஆனால் முதல் இரண்டுக்கும் அதே பதற்றத்தோடு தலைப்புப் போட்டுவிடுகிறார்கள்.

சமையலறையில் வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கிற குட்டி ஈதானே இது?

இல்லை. அது ட்ரொசொஃபிலா. இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளம், சிவந்த கண். புளித்துப்போன பழத்தில் வளரும் மதுவத்தைத் (ஈஸ்டைத்) தேடித்தான் அது வருகிறது. நல்ல பழத்துக்குப் பொதுவாக ஒன்றும் செய்யாது. மரபியல் ஆய்வுகூடங்களில் வளர்ப்பதும் அதைத்தான்.

இந்தப் பக்கத்தில் பேசுவது டெஃப்ரிடிடே குடும்பத்தை. வீட்டு ஈயின் அளவு அல்லது கொஞ்சம் பெரிது. பார்த்தால் சின்னக் குளவியோ என்று தோன்றும். முதுகில் மஞ்சள் கோடுகள், இறக்கையின் முன் விளிம்பில் கறுப்புப் பட்டி, பல இனங்களில் வயிற்றின் மேல் ஆங்கில "டி" எழுத்துப்போல் ஓர் அடையாளம். பெண் ஈயின் வால் நுனியில் ஊசிபோல் ஒரு குழாய் இருக்கிறது. நல்ல, முற்றிய பழத்தின் தோலை அதனால் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. ஓரிரு நாளில் புழு வெளிவரும். ஒரு வாரம் பத்து நாள் சதையைத் தின்னும். பிறகு பழத்தை விட்டு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். நம்முடைய வெப்பத்தில் முட்டை ஈயாக மூன்று நான்கு வாரம் போதும்.

முற்றிய புழுவை மேசையில் விட்டுப் பாருங்கள். உடம்பை வளைத்துச் சட்டென்று துள்ளும். பிள்ளைகளுக்குக் காட்டினால் ஒரு பாட நேரம் போய்விடும்.

இலங்கையில் இந்தக் குடும்பத்தைப் பற்றி எவ்வளவு காலமாகத் தெரியும்?

நூறு வருடத்துக்கு மேல். இத்தாலியப் பூச்சியியலாளர் மாரியோ பெட்சி 1916இல் இந்தியா, பர்மா, இலங்கை மூன்றிலும் உள்ள டாக்கஸ் ஈக்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதற்குப் பிறகு நெடுங்காலம் பெரிய சத்தம் இல்லை. 1994இல் ட்ரூ, ஹான்கொக் என்ற இருவர் ஆசியாவின் "டோர்சாலிஸ்" கூட்டத்தை, அதாவது ஒன்றுபோலவே தோன்றும் நெருங்கிய ஈக்களை, பிரித்து எழுதியபோது பக்ட்ரோசெரா கண்டியென்சிஸ் என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார்கள். கண்டியின் பெயரைத் தாங்கிய இந்த ஈ இலங்கைக்கே உரியது, மாம்பழத்தைத் தாக்குவது.

உண்மையான பாய்ச்சல் 2001இல் வந்தது. சுருட்டா, வைட் இருவரும் சேர்ந்து ஒரே கட்டுரையில் 11 புதிய பக்ட்ரோசெரா இனங்களை இலங்கையிலிருந்து விவரித்தார்கள். இவ்வளவு சின்னத் தீவு, ஒரே சாதி (நெருங்கிய இனங்களின் தொகுதி), ஒரே கட்டுரை, பதினொரு புது இனம். அவர்கள் முறையாகப் பொறி வைத்தார்கள். பழங்களைப் பொறுக்கி வளர்த்துப் பார்த்தார்கள். அதற்கு முன் அப்படிச் செய்தவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

உலகம் முழுவதையும் எடுத்தால் டெஃப்ரிடிடே குடும்பத்தில் ஏறக்குறைய 5,000 இனங்கள். அதில் நம் பழங்களுக்கு எதிரியான டாசினி என்ற பிரிவில் மட்டும் 932 இனங்கள் என்று 2018இல் ஓர் உலகப் பட்டியல் கணக்குச் சொன்னது.

பட்டியல் கூடிக்கொண்டே போகுமா? பெயர்கள் நீங்குவதும் உண்டா?

நீங்கும். இலங்கைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2003இல் கென்யாவில் மாம்பழத்தைத் தாக்கும் ஒரு புது ஈ பிடிபட்டது. அடுத்த சில வருடங்களில் அது ஆபிரிக்காவின் பெரும்பகுதிக்குப் பரவிவிட்டது. அந்தக் கண்டத்து ஈ இல்லை என்பது தெளிவு. எங்கிருந்து வந்தது என்று தேடியபோது இலங்கையில் இருந்த மாதிரிகள் அதோடு பொருந்தின. 2005இல் ட்ரூ, சுருட்டா, வைட் மூவரும் அதைப் பக்ட்ரோசெரா இன்வாடென்ஸ் என்று விவரித்தார்கள். கட்டுரையின் தலைப்பிலேயே "இலங்கையிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும்" என்று இருந்தது. ஆக, இலங்கைப் பட்டியலில் ஒரு பெயர் கூடியது. ஆபிரிக்காவுக்குத் தொல்லை கொடுத்த ஊர் என்ற பெயரும் கூடவே வந்தது.

பிறகு சந்தேகம் கிளம்பியது. 1912இல் ஹெண்டல் தாய்வானிலிருந்து விவரித்த பக்ட்ரோசெரா டோர்சாலிஸ் என்ற பழைய ஈக்கும் இதற்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? நிறம் மாறுபட்டது, ஆனால் ஒரே இடத்து ஈக்களுக்குள்ளேயே நிறம் மாறுபட்டது. உணவு விவசாய நிறுவனமும் சர்வதேச அணுசக்தி முகவரகமும் இணைந்து பல நாட்டு ஆய்வாளர்களைச் சேர்த்து இதை ஆராய்ந்தன. (அணுசக்திக்காரருக்கு ஈயோடு என்ன வேலை என்று கேட்காதவர் இல்லை. கதிர்வீச்சால் ஆண் ஈக்களை மலடாக்கிப் பறக்கவிடுவது ஒரு கட்டுப்பாட்டு முறை. மலட்டு ஆண் வேறு இனமாக இருந்தால் பெண் அதைச் சேர்க்காது, செலவு முழுக்க வீண். எனவே இனம் எது என்பது அவர்களுக்குப் பணப் பிரச்சினை.) உடலமைப்பு, மரபணு, பெரமோன் (துணையைக் கவரும் மணப்பொருள்), இணைசேர்தல் எல்லாவற்றையும் பார்த்தார்கள். இரண்டும் தங்குதடையின்றி இணைந்தன, குஞ்சுகளும் நன்றாக இருந்தன. 2015இல் இன்வாடென்ஸ் என்ற பெயர் டோர்சாலிஸுக்குள் கரைந்தது. தென்கிழக்காசியாவின் பப்பாயே என்ற இனமும் அதோடு போனது.

பப்பாயேயின் கதையும் சின்னதில்லை. 1995இல் அவுஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்தில் அது பிடிபட்டு, கோடிக்கணக்கான டொலர் செலவில் 1999இல் முற்றாக ஒழித்தார்கள். ஒழித்தது உண்மை. அந்தப் பெயரில் இன்று ஓர் இனம் இல்லை என்பதும் உண்மை.

என் அபிப்பிராயம்: ஒரு நாட்டின் பட்டியலில் எத்தனை பெயர் என்று பெருமைப்படுவதைவிட, அந்தப் பெயர்களை எத்தனை பேர் திரும்பப் பரிசோதித்தார்கள் என்று கேட்பது பிரயோசனமானது.

ஒரே ஈக்குப் பழைய கைநூல்களில் வேறு வேறு பெயர் இருக்கிறதே?

பாவற்காய், புடலங்காய், வெள்ளரி எல்லாவற்றையும் நாசமாக்கும் ஈயைத்தான் பெரும்பாலும் கேட்கிறீர்கள். பழைய துண்டுப்பிரசுரத்தில் டாக்கஸ் குகர்பிட்டே, இடையில் பக்ட்ரோசெரா குகர்பிட்டே, 2015க்குப் பிறகு சூகோடாக்கஸ் குகர்பிட்டே. மூன்றும் ஒரே பூச்சி. மரபணு ஆய்வு அதைத் தனிச் சாதிக்கு மாற்றியது. இதைப் புதிய பதிவு என்று எண்ணிவிட வேண்டாம்.

இந்த ஈக்களை எப்படித் தேடிப் பிடிக்கிறார்கள்?

வலையோடு ஓடி அல்ல. மணம் வைத்து.

1912இல் பீகாரின் பூசாவில் இருந்த ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர் ஒரு வேடிக்கையைப் பதிவு செய்தார். நுளம்பை விரட்ட ஒருவர் கைக்குட்டையில் சிட்ரொனெல்லா எண்ணெய் தடவியிருந்தார். நுளம்பு போனதோ இல்லையோ, பழ ஈக்கள் வந்து மொய்த்தன. வந்தவை எல்லாமே ஆண். எண்ணெயில் இருந்த மெதைல் யூஜினோல் என்ற பொருள்தான் காரணம் என்று சில வருடங்களில் அவரே காட்டினார். சிட்ரொனெல்லா நம் தென்மாகாணத்தில் பேர்போன பயிர். அந்த வாசனைக்கு இப்படியும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

ஆண் ஈ அதைச் சும்மா மோப்பம் பிடிப்பதில்லை, தின்கிறது; தின்றதை உடம்புக்குள் மாற்றிப் பெண்ணைக் கவரும் பெரமோனில் சேர்த்துக்கொள்கிறது. துளசியிலும் கொன்றைப் பூவிலும் மெதைல் யூஜினோல் உண்டு. கொன்றை பூத்திருக்கும்போது பொறுமையாகப் பார்த்தால் ஆண் ஈக்கள் பூவை நக்குவதைக் காணலாம்.

இன்று ஆய்வாளர்கள் பயன்படுத்தும் முக்கியமான கவர்ச்சிப் பொருட்கள் இரண்டு: மெதைல் யூஜினோல், கியூலூர். டோர்சாலிஸ், கண்டியென்சிஸ் போன்றவை முதலாவதற்கு வரும். வெள்ளரி வகை ஈ இரண்டாவதற்கு வரும். இஞ்சியோடு தொடர்புள்ள சிஞ்சரோன் மூன்றாவது. இதைப் பொறிகளில் வைக்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். முந்தைய இரண்டுக்கும் சரியாக வராத சில இனங்கள் இதற்கு வருகின்றன. புதிய பதிவு திடீரென்று கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்: காடு மாறவில்லை, போத்தலுக்குள் வைத்த மணம் மாறியது.

இந்த மணங்களுக்கு வராத ஈ இருந்தால்?

இருக்கிறது. மிளகாய், கத்தரி, தக்காளி வகைகளைத் தாக்கும் பக்ட்ரோசெரா லாட்டிஃப்ரொன்ஸ் நல்ல உதாரணம். மெதைல் யூஜினோல், கியூலூர் இரண்டையும் அது சட்டை செய்வதில்லை. வருடக்கணக்கில் அந்தப் பொறிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இப்படியொரு ஈ நாட்டில் இல்லை என்றே முடிவு கட்டிவிடலாம்.

அதற்கு வழி, பழத்தை வளர்ப்பது. விழுந்த காய், காட்டுப் பழம், கொடியில் வாடிய பிஞ்சு எல்லாவற்றையும் சேகரித்து, ஈரமான மணலோ மரத்தூளோ போட்ட டப்பாவில் வைத்து, மெல்லிய துணியால் மூடி, ஈ வரும்வரை காத்திருப்பார்கள். நாற்றம் சகிக்காது. ஆனால் எந்த ஈ எந்தப் பழத்தில் வளர்கிறது என்பதை நேரடியாகக் காட்டுவது இதுதான். பொறியில் விழுந்த ஆண் ஈ எந்த மரத்திலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு பதிவை ஏற்றுக்கொள்ள என்ன வேண்டும்?

மாதிரி வேண்டும். எங்கே, எப்போது, யார், எந்தப் பொறியில் அல்லது எந்தப் பழத்தில் என்ற விவரச்சீட்டு வேண்டும். அந்த மாதிரி பிறர் திரும்பப் பார்க்கக்கூடிய ஒரு தொகுப்பில் பத்திரமாக இருக்க வேண்டும். இனங்காண் திறவுகோலோடு (அடையாளங்களைப் படிப்படியாகப் பார்த்து இனம் காணும் பட்டியலோடு) பொருத்தி, முடிந்தால் முதல் விவரிப்புக்கு அடிப்படையான மூல மாதிரியோடு ஒப்பிட்டு, துறைசார்ந்தவர்கள் சரிபார்க்கும் சஞ்சிகையில் வெளியிட வேண்டும். விவரச்சீட்டு இல்லாத ஈ வெறும் செத்த ஈ.

கைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதாதா? மரபணுச் சோதனை?

சில இனங்களுக்குப் படம் போதும். டோர்சாலிஸ் கூட்டத்துக்குப் போதாது. கால்களின் கருமை, முதுகின் மஞ்சள் கோட்டின் அகலம், இறக்கைப் பட்டி எங்கே முடிகிறது என்பவற்றை நுணுக்குக்காட்டியின் கீழ் பார்த்தும் நிபுணர்களே தயங்குவதுண்டு. மரபணுப் பட்டைக்குறி, அதாவது மரபணுவின் ஒரு சிறு துண்டை ஒப்பிட்டு இனம் காணும் முறை, பெரிய உதவி. ஆனால் மிக நெருங்கிய இனங்களை அது ஒன்றாகவே காட்டிவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் கொஞ்சம் நிம்மதி. படம் எடுப்பதானால் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இறக்கை விரிந்தபடி ஒன்று.

புதிய பதிவு வந்தால் ஏற்றுமதி நின்றுவிடுமா?

தானாக நிற்காது. ஆனால் வாங்கும் நாடு கவனிக்கும். ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள பழ ஈக்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் பெரிய தலையிடி. 2014 மே மாதம் இந்திய மாம்பழத்தையும் பாவற்காய், புடலங்காய், கத்தரிக்காய் போன்றவற்றையும் அவர்கள் தடைசெய்தார்கள். மாம்பழத் தடை 2015இல் நீங்கியது. 2019 செப்டெம்பர் முதல் எந்த நாட்டு மாம்பழமானாலும் பழ ஈ இல்லை என்பதற்கு ஓர் உறுதிப்பாடு கேட்கிறார்கள்: ஈ இல்லாத பிரதேசத்தில் விளைந்தது, அல்லது தகுந்த முறையில் பதப்படுத்தியது என்பதுபோல.

இங்கேதான் பதிவின் வார்த்தைகள் முக்கியமாகின்றன. சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் எட்டாம் இலக்கத் தரநியமம் ஒரு பூச்சி ஒரு நாட்டில் "இருக்கிறது", "இல்லை", "வந்து பிடிபட்டது, நிலைகொள்ளவில்லை" என்று எப்படித் தீர்மானிப்பது என்பதைச் சொல்கிறது. ஒரே ஓர் ஈ துறைமுகத்தில் பிடிபட்டதும் ஒரு தோட்டம் முழுக்க வளர்வதும் ஒன்றல்ல. காட்டுக் கொடியின் பூவில் மட்டும் வளரும் ஈ ஒன்று பட்டியலில் சேர்ந்தால் மாம்பழ வியாபாரிக்கு ஒன்றும் ஆகாது. செய்தியாளர்கள் இந்த வித்தியாசத்தை ஒரு வரியிலாவது எழுதினால் நல்லது.

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ பையில் கொஞ்சம் மாம்பழம் கொண்டு வரலாமா?

அனுமதிப்பத்திரம் இல்லாமல் கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கட்டுநாயக்கவில் அதற்கென்றே தாவரத் தடுப்புக்காப்புச் சேவை இருக்கிறது. "மாமி ஆசையாகத் தந்துவிட்டது" என்பது அங்கே எடுபடாது. வெளியே பழுதில்லாமல் தெரியும் பழத்துக்குள்தான் முட்டை இருக்கும். கறுத்தக் கொழும்பான் விளையும் நாட்டுக்கு வெளியிலிருந்து மாம்பழம் எதற்கு என்பது வேறு கேள்வி.

கொழும்பு மாதிரி நகரத்தில் இதைத் தேடி என்ன பயன்? ஈ கிராமத்தில்தானே?

புதிதாக வந்து இறங்கும் பூச்சிக்கு முதல் வாசல் நகரம்தான். துறைமுகம் இங்கே. நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பழமும் மரக்கறியும் வந்து குவியும் மெனிங் சந்தை புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு மாறினாலும் கொழும்பை ஒட்டியே இருக்கிறது. அதைச் சுற்றி வீட்டுக்கு வீடு கொய்யா, ஜம்பு, மா, பப்பாசி. யாரும் மருந்தடிப்பதில்லை, விழுந்த பழத்தைப் பொறுக்குவதும் இல்லை. ஈக்கு இதைவிட என்ன வேண்டும்? அதனால்தான் துறைமுகம், விமான நிலையம், மொத்தச் சந்தை ஆகியவற்றைச் சுற்றிக் கண்காணிப்புப் பொறி வைப்பது உலக வழக்கம்.

அபூர்வ இனங்களுக்கு ஈரவலயக் காடுகளுக்குப் போகத்தான் வேண்டும், அது வேறு.

எல்லாப் பழ ஈயும் பழத்தைக் கெடுப்பவையா?

இல்லை. சூரியகாந்திக் குடும்பத்துப் பூத்தலைகளுக்குள் வளர்பவை, மூங்கில் குருத்தில் வளர்பவை, தண்டில் கழலை உண்டாக்குபவை என்று நிறைய. புல்போஃபிலம் வகை ஓர்க்கிட்டுகள் சில, ஆண் பழ ஈக்களை மணத்தால் அழைத்து மகரந்தத்தை அவற்றின் முதுகில் ஒட்டி அனுப்புகின்றன.

புழு இருந்த கொய்யாவைத் தெரியாமல் தின்றுவிட்டேன்.

ஒன்றும் ஆகாது.

வீட்டு மரத்தைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?

பிஞ்சு நெல்லிக்காய் அளவு வந்ததும் கடதாசிப் பையோ துணிப் பையோ கட்டுங்கள். இதைவிட நம்பகமான முறை வீட்டுக்காரருக்கு இல்லை. விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கிக் கறுப்புப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி நல்ல வெயிலில் சில நாள் விடுங்கள். புழு உள்ளேயே செத்துவிடும். மேலோட்டமாக மண்ணில் புதைப்பது ஈக்கு உதவி செய்வதுதான், அது போக நினைத்த இடமே மண்.

விவசாயக் கடைகளில் கிடைக்கும் கவர்ச்சிப் பொறி ஆணை மட்டும் பிடிக்கும். ஒரு வீட்டில் ஒரு போத்தல் தொங்கவிட்டால், பக்கத்து வளவுகளிலிருந்து ஏற்கெனவே முட்டையோடு வரும் பெண்களை அது ஒன்றும் செய்யாது. ஊர் முழுக்கச் சேர்ந்து வைத்தால் நிலைமை வேறு: பசிபிக்கின் றொட்டா என்ற சின்னத் தீவில் 1960களில் இந்த முறையால் மட்டுமே டோர்சாலிஸை ஒழித்திருக்கிறார்கள். ஒழுங்கையில் உள்ள நான்கைந்து வீடுகளாவது ஒன்றாகச் செய்யப் பாருங்கள். கையுறை போட்டுத்தான் மெதைல் யூஜினோலைத் தொட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2023இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் அதிகமுள்ள பிரிவுக்கு உயர்த்திவிட்டது.

நானே பிடித்துச் சேகரிக்கலாமா? வித்தியாசமான ஈ கிடைத்தால் யாரிடம் கொடுப்பது?

சொந்த வளவில் தாராளமாக. வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் உள்ள காப்புப் பிரதேசங்களில் அனுமதி இல்லாமல் ஒரு ஈயைக்கூட எடுக்க முடியாது. மாதிரியை வெளிநாட்டு நிபுணருக்குத் தபாலில் அனுப்புவதற்கும் அனுமதி வேண்டும். "ஈதானே" என்று கடித உறையில் போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி அனுப்பியதை வைத்து நல்ல சஞ்சிகை எதுவும் கட்டுரை ஏற்காது.

கிடைத்த ஈயை அடர்ந்த எதனோலில் போட்டு, பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே வையுங்கள். பேனா மை கரைந்துவிடும். இடம், திகதி, எந்தப் பழம் என்ற மூன்றும் கட்டாயம். பயிர் சம்பந்தப்பட்டதென்றால் உங்கள் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் கொடுக்கலாம். அவர் வழியாகக் கன்னொறுவையில் உள்ள விவசாயத் திணைக்களத்தின் பூச்சியியல் பிரிவுக்குப் போகும். பயிரோடு சம்பந்தமில்லாத காட்டு ஈ என்றால் 1877இல் தொடங்கிய கொழும்பு தேசிய நூதனசாலையில் பூச்சித் தொகுப்பு இருக்கிறது, பல்கலைக்கழக விலங்கியல் பிரிவுகளும் இருக்கின்றன. ஒன்று மட்டும் பிடித்துக் கொடுக்காமல் ஆணும் பெண்ணுமாகச் சிலவற்றைக் கொடுத்தால் பார்ப்பவருக்கு வேலை பாதியாகக் குறையும்.